ஆபரேட்டருக்குப் பக்கத்தில் ஓர் இயந்திரக் கை: அம்பத்தூரில் பதினோரு மாதம்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் எங்களுடையது சிறிய பட்டறை. கணினி ஆணைப்படி உலோகத்தைக் கடையும் நான்கு சி.என்.சி. டர்னிங் சென்டர்கள், ஒரு மில்லிங் மெஷின், இரண்டு ஷிஃப்டுகளுக்கும் சேர்த்துப் பதினாறு பேர். வண்டி உதிரிபாகங்களைக் கடைந்து, அவற்றைப் பெரிய நிறுவனங்களுக்கு சப்ளை செய்பவர்களிடம் கொடுக்கிறோம். மெஷின் வாங்கக் கடன் கிடைக்கிறது, ஆர்டரும் கிடைக்கிறது, ஆனால் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நின்று பொருளை மாட்டிக் கழற்றும் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்ற நிலை வந்தபோது, ஆறு அச்சுகளும் (திரும்பும் மூட்டுகளும்) 5 கிலோ சுமைத்திறனும் கொண்ட ‘கோபாட்’ வகைக் கை ஒன்றை வாங்கினோம். பதினோரு மாதம் ஓட்டிப் பார்த்தபின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பிராண்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த அளவில் சந்தையில் கிடைக்கும் கைகளுக்குள் எங்களைப் போன்ற பட்டறை உணரக்கூடிய வேறுபாடு குறைவு. மேலும், என் குறைகளில் பெரும்பகுதி கையைப் பற்றியதல்ல, அதைப் பொருத்தித் தந்த விதத்தைப் பற்றியது. பொருத்தித் தந்தவர்கள் வேறொரு நிறுவனம். அவர்கள் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

கோபாட் என்பது கூண்டு இல்லாமல், மனிதர் நிற்கும் இடத்திலேயே நின்று வேலை செய்யும் ரோபோ. கார் தொழிற்சாலைகளில் வெல்டிங் செய்யும் பெரிய ரோபோக்களைக் கம்பி வலைக் கூண்டுக்குள் வைத்திருப்பார்கள். கூண்டின் கதவைத் திறந்தாலே ரோபோ நின்றுவிடும். அந்தக் கூண்டும் அது அடைத்துக்கொள்ளும் இடமும் மிச்சம் என்பதுதான் கோபாட் விற்பனைப் பேச்சின் முதல் வரி. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கும் இயந்திரக் கண்காட்சிகளுக்குப் போனவர்கள் அந்த வித்தையைப் பார்த்திருப்பார்கள். விற்பனையாளர் ஓடிக்கொண்டிருக்கும் கையின் குறுக்கே தம் முன்கையை நீட்டுவார், பட்டதும் கை நின்றுவிடும், சுற்றி நிற்பவர்கள் கைபேசியில் படமெடுப்பார்கள். நானும் எடுத்தேன். அந்தக் காட்சியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அன்று அந்தக் கையின் நுனியில் ஒன்றுமே மாட்டியிருக்கவில்லை என்பது எனக்கு உறைக்க இரண்டு மாதம் ஆயிற்று.

எங்கள் கையின் நுனியில் காற்றழுத்தத்தில் இயங்கும் இரட்டைப் பிடிப்பான் இருக்கிறது. ஒரு பக்கத்தில் கடையப்படாத பொருளும் மறு பக்கத்தில் கடைந்து முடிந்த பொருளும் இருக்கும். கடைந்து முடிந்த பொருளின் விளிம்பில் இருக்கும் பிசிறு பிளேடைப் போன்றது. சில சமயம் நீளமான இரும்புச் சுருள் ஒன்று அதில் தொற்றிக்கொண்டு வெளியே வரும். அப்படிப்பட்ட ஒன்றைப் பிடித்துக்கொண்டு வரும் கை, மோதியவுடன் நின்றாலும், நிற்பதற்குள் கிழித்துவிடும். மெஷினில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் சக்குக்கும் பிடிப்பானுக்கும் நடுவில் விரல் அகப்படும் சந்து வேறு இருக்கிறது. ஆகவே ‘இந்தக் கை பாதுகாப்பானதா’ என்று கேட்பதே பிழை. இந்தக் கை, இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு, இந்த இடத்தில், இந்த வேகத்தில் செல்வது பாதுகாப்பானதா என்றுதான் கேட்க வேண்டும். ரோபோப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 10218 தரநிலையின் 2025ஆம் ஆண்டுப் பதிப்பு இதையே ஒப்புக்கொள்ளும் வகையில், கூட்டு ரோபோ (அதாவது கோபாட்) என்று பேசுவதை விட்டு, கூட்டுப் பயன்பாடு என்று பேசத் தொடங்கியிருக்கிறது. விற்பனைத் துண்டறிக்கைகளில் மட்டும் பழைய சொல்லே ஓடிக்கொண்டிருக்கிறது.

மோதினால் எவ்வளவு விசைவரை பொறுக்கலாம் என்பதற்கு 2016இல் ஐ.எஸ்.ஓ. வெளியிட்ட 15066 என்ற தொழில்நுட்பக் குறிப்பில் அட்டவணை உண்டு. முகத்தில் 65 நியூட்டன், கை விரல்களில் 140 நியூட்டன், தொடையில் 220 நியூட்டன் என்று உடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். 65 நியூட்டன் என்பது ஏறக்குறைய ஆறரைக் கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். இதே அட்டவணையில் உள்ள அழுத்த வரம்புகளுக்கு ஆதாரம் ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு: நூறு பேரை உட்காரவைத்து, உடலில் 29 இடங்களில் மெல்ல மெல்ல அழுத்தி, எந்த அளவில் அழுத்தம் வலியாக மாறுகிறது என்று அளந்திருக்கிறார்கள். காயம் படும் அளவை அல்ல, வலி தொடங்கும் அளவை எல்லையாக வைத்தார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் தொழிலில் காயமே பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. வலியைக் கணக்கில் எடுத்த ஆவணம் ஒன்றை நான் பார்ப்பது இதுவே முதல்முறை.

இனி, எங்களுக்கு நடந்தது. பொருத்தித் தந்தவர்கள் அபாய மதிப்பீடு என்ற பெயரில் பதினெட்டுப் பக்க ஆவணம் ஒன்றைக் கொடுத்தார்கள். ஏழாம் பக்கத்தில், ‘தகடு ஏற்றும்போது விளிம்பு பட்டுக் காயம்’ என்று இருந்தது. எங்களிடம் தகடு வேலையே கிடையாது. வேறொரு பட்டறைக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றித் தந்திருக்கிறார்கள். கேட்டபோது, எல்லாருக்கும் ஒரே படிவம்தான் சார் என்றார்கள்.

அதைவிடப் பெரியது முதல் மாதத்தில் நடந்தது. இந்தக் கை எப்படி மோதலை உணர்கிறது என்று தெரிந்தால்தான் இது புரியும். ஒவ்வொரு மூட்டிலும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையோ மூட்டில் ஏறும் முறுக்கு விசையையோ கட்டுப்பாட்டுப் பெட்டி ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். பிடித்திருக்கும் எடைக்கும் செல்லும் வேகத்துக்கும் எவ்வளவு விசை வேண்டும் என்று தானே கணக்கிட்டு, அளந்தது கணக்கை மீறினால் எதன் மேலோ இடித்துவிட்டதாகக் கொண்டு நிறுத்திவிடும். ஆகவே கையில் இப்போது என்ன எடை இருக்கிறது என்பதை அதற்குச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். எங்களுடையதில் பிடிப்பான் 1.8 கிலோ, கடையாத பொருள் 900 கிராம், கடைந்த பொருள் 700 கிராம். வெறும் பிடிப்பானுடன் இருக்கும்போது ஒரு எடை, ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று, இரண்டையும் பிடித்தால் மற்றொன்று என்று புரோகிராம் ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொல்ல வேண்டும். அவர்களோ எல்லாவற்றுக்கும் ஒரே எடையை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். விளைவாக, யாரும் தொடாமலே, ஒரு ஷிஃப்டில் பத்துப் பன்னிரண்டு முறை கை நின்றது. புகார் சொன்னதும் வந்த சர்வீஸ் இன்ஜினியர் எடையைத் திருத்தவில்லை. விசை வரம்பை உயர்த்திவிட்டுப் போனார். நின்றது நிற்காமல் ஓடத் தொடங்கியது. எங்களுக்கும் மகிழ்ச்சி.

நான்கு நாள் கழித்து எங்கள் மூத்த ஆபரேட்டர், முப்பது ஆண்டாக லேத்தோடு வாழ்கிறவர், முழங்கையால் கையைத் தடுத்துப் பார்த்துவிட்டு வந்து, “தம்பி, முன்னெல்லாம் தொட்டா நிக்கும், இப்ப தள்ளிட்டு நிக்குது” என்றார். பாதுகாப்புக்காக வாங்கிய பண்பையே விற்றுவிட்டு, நிற்காமல் ஓடும் பண்பை வாங்கியிருந்தோம். மூன்று எடைகளையும் தராசில் நிறுத்து, நாங்களே புரோகிராமில் எழுதி, விசை வரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். காற்றுக் குழாய் விறைப்பாக இருந்து மூட்டை இழுத்ததும் வீண் நிறுத்தத்துக்கு இன்னொரு காரணம் என்று பிறகு கண்டுபிடித்து, மென்மையான குழாயாக மாற்றினோம். இப்போது காரணமில்லாமல் நிற்பது வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான். வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாதுகாப்பு அமைப்புக்கான கடவுச்சொல்லை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள், யார் மாற்றினாலும் தேதி போட்டு நோட்டில் எழுதவையுங்கள்.

கோபாட் என்ற சொல்லின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. 1990களின் நடுவில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கோல்கேட், மைக்கேல் பெஷ்கின் என்ற இரு பேராசிரியர்கள் இதை உருவாக்கினார்கள்; ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆதரவு அதற்கு இருந்தது. அவர்களுடைய முதல் கோபாட் தானாக நகரவே நகராது. தள்ளுவது மனிதர், எந்தத் திசையில் போகலாம், எங்கே போகக்கூடாது என்பதைச் சக்கரங்களைத் திருப்பி வழிகாட்டுவது மட்டுமே கருவியின் வேலை. கண்ணுக்குத் தெரியாத சுவர்களுக்கு இடையில் தள்ளுவண்டியை ஓட்டுவதுபோல், கனமான கார்க் கதவை ஒருவர் தம் பலத்தால் தள்ளிக்கொண்டு போக, அது எதன்மேலும் இடிக்காமல் கருவி பார்த்துக்கொள்ளும். பலம் மனிதருடையது, நெறி கருவியுடையது. இன்று அதே பெயரில் எங்கள் பட்டறையில் நிற்பது நேர்மாறானது: பலமும் அதனுடையது, ஓட்டமும் அதனுடையது, மனிதர் விலகிப் போக வேண்டும். இப்போதைய வடிவம் டென்மார்க்கின் ஓடன்ஸ நகரத்தில், தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர்கள் 2005இல் தொடங்கிய யுனிவர்சல் ரோபாட்ஸ் நிறுவனத்தின் வழியாகப் பரவியது. அவர்களின் முதல் கை 2008இல் விற்பனையானது. நம் நாட்டில் பஜாஜ் ஆட்டோ 2010 முதலே சாகன் ஆலையில் இவ்வகைக் கைகளைப் பயன்படுத்திவருகிறது. ஆக, புதுமை என்று சொல்லி விலையை ஏற்ற யாருக்கும் இனி உரிமை இல்லை.

வேலைத்திறனைச் சொல்கிறேன். எங்கள் பொருளைக் கடைய 95 விநாடி ஆகிறது. ஆபரேட்டர் கதவைத் திறந்து, பழையதைக் கழற்றி, சக்கைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்து, புதியதை மாட்டிக் கதவை மூட 12 விநாடி. கைக்கு 21 விநாடி. ஒன்றுக்கு ஒன்று போட்டி வைத்தால் மனிதரே வெல்கிறார், அதுவும் எளிதாக. ஆனால் எட்டு மணி நேர ஷிஃப்டின் முடிவில் மனிதர் செய்தது 205 முதல் 210 வரை, கை செய்தது 225 முதல் 230 வரை. இந்தக் கூடுதலுக்குக் காரணம் வேகமல்ல; மூன்று மணிக்குப் பிறகும் அதற்குக் கால் வலிப்பதில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மாட்டும் துல்லியத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. பொருள் சக்கில் சரியாக உட்காராததால் கெட்டுக் கழிக்கப்பட்டவை, கை ஏற்றிய மெஷினில் கண்கூடாகக் குறைந்தன.

‘இரவில் ஆளில்லாமல் ஓட்டலாம்’ என்பதையும் சொல்லி விற்றார்கள். எங்கள் தட்டில் 48 பொருள்கள் பிடிக்கும். ஒன்றுக்கு 116 விநாடி என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். பிறகு கை காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இடையில், வெட்டும் முனையான இன்சர்ட் தேய்ந்தாலும், சுருள் சக்கில் சுற்றிக்கொண்டாலும் அதற்கு முன்பே நின்றுவிடும். இரவு முழுக்க ஓட வேண்டுமானால் பெரிய தட்டு அமைப்பு, சுருளை உடைக்கும் இன்சர்ட், அளவு பார்க்கும் கருவி என்று இன்னொரு கைக்கான பணத்தை அதன்மேல் கொட்ட வேண்டும்.

5 கிலோ என்ற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். அது பிடிப்பானையும் சேர்த்தது. எடையின் மையம் மணிக்கட்டிலிருந்து விலக விலக அனுமதிக்கும் எடை குறையும். இரட்டைப் பிடிப்பான் மாட்டினால், உங்கள் பொருள் ஒன்று ஒரு கிலோவைத் தாண்டும்போதே இந்த அளவுக் கையை வாங்கலாமா என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கூண்டு இல்லை என்றாலும் நாங்கள் பிறகு தரைமட்டத்தில் லேசர் ஸ்கேனர் ஒன்றை வைத்தோம். யாராவது நெருங்கினால் கை வேகம் குறைக்கும், இன்னும் நெருங்கினால் நின்றுவிடும். மனிதர் விநாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் நடந்து வருகிறார் என்று வைத்துக்கொண்டு தரநிலைகள் தூரத்தைக் கணக்கிடச் சொல்கின்றன. அந்தக் கணக்கின்படி வட்டம் போட்டால் எங்கள் நடைபாதையில் பாதி அதற்குள் வந்துவிட்டது. பொருள் கொண்டுபோகும் டிராலி ஒவ்வொரு முறை கடக்கும்போதும் கை மெதுவாயிற்று. டிராலிப் பாதையை மாற்றினோம், தரையில் மஞ்சள் டேப் ஒட்டினோம். கூண்டுக்கு வேண்டிய இடம் மிச்சம் என்ற பேச்சில், எங்கள் கணக்குப்படி, முக்கால் பங்கு ஸ்கேனர் வட்டத்தில் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் பல்கலைக்கழக ஆய்வுகளைத் தேடிப் போனேன். சிக்கல் ஆபரேட்டரிடமிருந்து வந்தது. கை, கடைந்த பொருளைச் சில சமயம் வலப்புறத் தட்டிலும், அளவு பார்க்க வேண்டிய ஐந்தாவது பொருளை இடப்புறத் தட்டிலும் வைக்கும். இரண்டுக்கும் பாதை முக்கால்வாசி தூரம் ஒன்றே, கடைசியில்தான் பிரியும். இடப்புறத் தட்டிலிருந்து பொருளை எடுக்கக் கை நீட்டும் ஆபரேட்டருக்கு, அது இந்தப் பக்கம் வருகிறதா அந்தப் பக்கம் போகிறதா என்று கடைசி நொடிவரை தெரியாது. பயந்து, ஒதுங்கி, காத்திருப்பார். யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் அந்த ஒதுங்குதல் ஷிஃப்டுக்கு நாற்பது முறை நடந்தது.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆன்கா டிராகனும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் எழுதிய கட்டுரை ஒன்று சரியாக இதைத்தான் பேசுகிறது. எதிர்பார்த்தபடி செல்லும் அசைவு வேறு, எங்கே போகிறது என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுக்கும் அசைவு வேறு என்கிறார்கள். குறுகிய நேர்வழி முதல் வகை. போகப்போகும் பக்கமாகச் சற்று மிகையாகச் சாய்ந்து புறப்படுவது இரண்டாம் வகை. பார்ப்பவர் மனத்தில் குழப்பம் வருவதற்கு முன்பே விடை வந்துவிடுகிறது. பேருந்து நெரிசலில் எதிரே வருபவர் தோளை முதலிலேயே ஒரு பக்கமாகத் திருப்பினால் நாம் மறுபக்கம் போய்விடுவோம், அது போன்றது. படித்த அன்று மாலையே, இடப்புறத் தட்டுக்குப் போகும் பாதையில் தொடக்கத்தில் ஒரு புள்ளியை நகர்த்தி, கை கதவிலிருந்து வெளியே வந்தவுடன் இடப்பக்கம் சாயும்படி செய்தோம். பாதை நீண்டு, அரை விநாடி கூடியது. ஒதுங்குதல் நின்றது. பதினோரு மாதத்தில் செலவில்லாமல் கிடைத்த பெரிய முன்னேற்றம் இதுதான். கையை விற்றவரோ பொருத்தியவரோ இதைச் சொல்லவில்லை. பயிற்சிப் புத்தகத்தில் இப்படி ஒரு சொல்லே இல்லை.

இன்னொன்று எம்.ஐ.டி.யில் நடந்தது. எம்.ஐ.டி. என்றால் நமக்குக் குரோம்பேட்டை, இது மாசசூசெட்ஸ். அங்கே ஜூலி ஷாவும் ஸ்டெஃபானோஸ் நிகோலைடிஸும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மனிதரும் ரோபோவும் பயிற்சியின்போது வேலையை மாற்றிக்கொண்டார்கள்: ஒருவர் திருகாணியை வைப்பது, மற்றது அதை முடுக்குவது என்றிருந்ததை, கணினித் திரையில் கொஞ்ச நேரம் தலைகீழாக்கிப் பழகினார்கள். ரோபோவுக்கு ‘இது சரி, இது தப்பு’ என்று மதிப்பெண் போட்டுப் பழக்கிய குழுவோடு ஒப்பிட, வேலை மாற்றிப் பழகிய குழுவில் இருவரும் ஒரே நேரத்தில் இயங்கிய நேரம் 71 விழுக்காடு கூடியது, மனிதர் சும்மா காத்திருந்த நேரம் 41 விழுக்காடு குறைந்தது. எங்களிடம் உள்ள கையால் தானாகக் கற்றுக்கொள்ள முடியாது, சொன்னதைச் செய்யும். ஆயினும் அதில் பாதியைச் செய்து பார்த்தோம். ஒரு சனிக்கிழமை, மெஷினை நிறுத்திவிட்டு, இரண்டாம் ஷிஃப்ட் ஆபரேட்டரைக் கையின் இடத்தில் நிற்கவைத்து, கை செய்வதை அதே வரிசையில் செய்யச் சொன்னோம். மூத்தவர் எதிரில் நின்று தம் வேலையைச் செய்தார். பத்து நிமிடத்தில் இருவரும் தங்களுக்குள் பேசி, தட்டு இருக்கும் உயரம் தப்பு, அளவு பார்க்கும் மேஜை இருக்கும் பக்கம் தப்பு என்று இரண்டு திருத்தம் சொன்னார்கள். இரண்டும் சரி. பொருத்தித் தந்தவர்கள் வரைபடம் போட்டபோது இவர்கள் இருவரில் ஒருவரைக்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

எனக்கு வருத்தம் அதில்தான். இந்தத் துறையில் பல்கலைக்கழகங்கள் நெடுநாளாக ஆராய்வது பெரும்பாலும் ரோபோவுக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதரைப் பற்றி: அவருக்கு எங்கே வலிக்கும், எதைப் பார்த்துப் புரிந்துகொள்வார், எப்போது வீணாகக் காத்திருப்பார் என்பதைப் பற்றி. விலைப்புள்ளியில் அந்த மனிதருக்கு ஒரு வரிகூட இல்லை. எட்டும் தூரம், சுமைத்திறன், துல்லியம், வாரண்டி, அதோடு முடிந்தது.

கையடக்கத் திரையைப் பற்றிக் கொஞ்சம். தொடுதிரை தெளிவானது, கையைப் பிடித்து இழுத்துப் போய் இடங்களைக் காட்டிக் கற்பிக்கும் வசதி உண்மையிலேயே எளிது, ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன் இரண்டே நாளில் புதுப் பொருளுக்கு இடங்களை அமைத்துவிட்டான். ஆனால் மொழிப் பட்டியலில் பல நாட்டு மொழிகள் இருக்க, தமிழ் இல்லை. பிழைச் செய்திகள் வரும் ஆங்கிலம், ஆங்கிலம் தெரிந்தவருக்கும் புரியாத வகை. அடிக்கடி வரும் பதினான்கு செய்திகளைத் தமிழில் எழுதி, லேமினேட் செய்து, மேஜையில் ஒட்டியிருக்கிறோம். “எதிலோ இடித்தது. முதலில் விரல் அகப்பட்டிருக்கிறதா பார். பிறகு பச்சையை அழுத்து” என்பது அதில் முதலாவது.

சென்னைக்கென்றே சில தொல்லைகள் உண்டு. விவரத்தாளில் 50 பாகை செல்சியஸ்வரை ஓடும் என்று போட்டிருக்கிறது. சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே, அக்னி நட்சத்திர நாள்களில், பிற்பகல் இரண்டு மணிக்கு மூட்டுச் சூடு பற்றிய எச்சரிக்கை இரண்டு முறை வந்தது. புகைபோக்கி விசிறியை இடம் மாற்றியபின் வரவில்லை. கடையும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்டின் ஆவி படியாமல் இருக்க உறை போட்டிருக்கிறோம். மின்னழுத்தம் ஒரு கணம் இறங்கினாலும் கட்டுப்பாட்டுப் பெட்டி அணைந்து, மறுபடி தொடங்க நான்கைந்து நிமிடம் ஆகிறது. அதற்கென்றே தனி யு.பி.எஸ். வாங்கினோம். வரைபடத்தில் பெட்டியைத் தரையில், மேஜைக்கு அடியில் போட்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் நின்றதைப் பார்த்த எவரும் அப்படி ஒரு படத்தை வரைய மாட்டார்கள். நான்கடி உயரத்தில் சுவரில் மாட்டச் சொன்னோம். கேபிள் நீளம் போதாது என்று கூடுதலாகப் பணம் வாங்கிக்கொண்டார்கள்.

செலவு: கை 17 லட்சம். பிடிப்பான், மேஜை, தட்டு, ஸ்கேனர், மெஷின் கதவைத் தானாகத் திறக்க ஒரு சிலிண்டர், மெஷினும் கையும் பேசிக்கொள்ள இணைப்பு, புரோகிராம், யு.பி.எஸ். எல்லாம் சேர்ந்து இன்னொரு 13 லட்சம். எங்கள் டர்னிங் சென்டர் பழையது. கதவுக்கும் சக்குக்கும் வெளியிலிருந்து ஆணை கொடுக்கும் வசதி அதில் இல்லாததால் அந்த இணைப்புக்கு மட்டும் மூன்று வாரம் போயிற்று. மெஷினில் அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுக் கையைப் பற்றி யோசியுங்கள்.

யாரையும் வேலையிலிருந்து அனுப்பவில்லை. அனுப்ப ஆள் இல்லாமல்தானே இதை வாங்கினோம். ஆனால் வேலை குறைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. முன்பு மெஷின் ஓடும் 95 விநாடியில் ஆபரேட்டர் சற்று உட்காருவார். இப்போது அந்த நேரத்தில் பிசிறு நீக்குகிறார், அளவு பார்க்கிறார், பக்கத்து மெஷினையும் கவனிக்கிறார். கால் வலி குறைந்தது, மனம் ஓய்வதில்லை என்று மூத்தவர் சொன்னார். அதற்காக அவருடைய சம்பளத்தை உயர்த்தினோம். அவர் கேட்ட அளவுக்கு அல்ல. ஆயுத பூஜையன்று எல்லா மெஷின்களையும் போலக் கைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மூட்டின் ரப்பர் விளிம்பில் படாமல் பொட்டை எங்கே வைப்பது என்று ஐந்து நிமிடம் விவாதம் நடந்தது.

மதிப்பெண் கேட்டால், கைக்குப் பத்தில் எட்டு, பொருத்தித் தந்த சேவைக்கு மூன்று. மாதத்துக்கு நான்கு வகைப் பொருளுக்குமேல் மாற்றுகிறவர்களுக்கும், ஒரு தொகுதியில் ஐநூறுக்குக் குறைவாகக் கடைகிறவர்களுக்கும் இது இப்போதைக்கு வேண்டாம்; அமைப்பை மாற்றுவதிலேயே நேரம் போய்விடும். ஒரே பொருளை மாதக்கணக்கில் கடைகிறவர்கள், புரோகிராமைத் தாங்களே திருத்தக் கற்றுக்கொள்ளும் ஒருவர் பட்டறையில் இருந்தால், தயங்காமல் வாங்கலாம்.

நாங்கள் இரண்டாவது கைக்கு மூன்று இடங்களில் விலைப்புள்ளி கேட்டிருக்கிறோம். கடிதத்தில் மூன்று நிபந்தனைகள் எழுதினோம்: அபாய மதிப்பீட்டை எங்கள் பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் பட்டறையில் நின்று எழுத வேண்டும், வரைபடம் போடுவதற்கு முன் இரண்டு ஷிஃப்ட் ஆபரேட்டர்களுடனும் ஒரு முழுநாள் உட்கார வேண்டும், மோதல் விசையைக் கருவி வைத்து அளந்து எண்ணாகத் தர வேண்டும். இருவர் விலையை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாமவர் தொலைபேசியில் அழைத்து, அந்த ஒரு முழுநாளுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டார். உண்டு என்று சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வருகிறார்.